மாலை ஆறரை மணி மேடு: காட்பாடி மொட்டைமாடியில் ஒரு ரேடியோ தொலைநோக்கி

பொங்கல் விடுமுறை முடிவதற்குள் எங்கள் தகரக் கொம்பு, அதாவது வானத்து ரேடியோ அலையை வாங்கும் புனல், வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. இடம், காட்பாடியில் ஒரு மாணவியின் வீட்டு மொட்டைமாடி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர், அவர்களுக்கு இயற்பியல் நடத்தும் நான், பழைய லேப்டாப் ஒன்று. மூன்றாம் நாள் மாலை திரையில் கோடு மேலே ஏறியது. ஆறரை மணிக்கு ஏறி, பத்தரை வரை மேடாக நின்று, சட்டென்று இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பால்வீதியைப் பிடித்துவிட்டோம் என்று எல்லோரும் நம்பினோம், நானும்தான்.

அது பால்வீதி இல்லை. என்னவென்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ரேடியோ தொலைநோக்கியைப் பற்றிப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் தட்டு வரைவேன், அதன் குவியத்தில் ஒரு புள்ளி வைப்பேன், மணி அடித்துவிடும். அந்தப் புள்ளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது எனக்கு விளங்கியது இந்த மூன்று வாரத்தில்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எதைப் பிடிக்கப் போனோம்

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் தொலைநோக்கி என்றால் காவலூர் என்பார்கள். ஜவ்வாது மலையில் இருக்கிறது, பழைய வட ஆற்காடு, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களால் ஒளி மங்கியதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரையே வைத்தார்கள். சுற்றுலா கூட்டிப் போகும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேகம் வந்தா என்ன சார் பண்ணுவாங்க?" ஒன்றும் பண்ண முடியாது. காத்திருக்க வேண்டும்.

21 சென்டிமீட்டர் அலைக்கு அந்தக் கவலை இல்லை. மேகம் அதற்கு ஒரு தடையே கிடையாது. வெயிலும் தடையில்லை, நடுப்பகலிலும் வானத்தைப் பார்க்கலாம். அந்த அலையைத்தான் பிடிக்க நினைத்தோம். அனுப்புவது ஹைட்ரஜன் அணு. அதன் புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் ஆளுக்கொரு சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் அணுவின் ஆற்றல் இம்மியளவு அதிகம், எதிரெதிராக இருந்தால் குறைவு. எலக்ட்ரான் புரண்டு திசை மாறும்போது அந்த இம்மி வித்தியாசம் 1420.406 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையாக வெளியேறுகிறது. தன்பாட்டுக்கு விட்டால் ஓர் அணு இப்படிப் புரள சராசரியாக ஒரு கோடி வருடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் பால்வீதியில் இருக்கும் ஹைட்ரஜனின் அளவுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை, எந்த நொடியும் எங்கோ எண்ணற்ற அணுக்கள் புரண்டுகொண்டே இருக்கின்றன.

இந்த அலை வந்தாக வேண்டும் என்று 1944இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் நெதர்லாந்தின் வான் டி ஹல்ஸ்ட். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் பிடித்தே காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் ஒரு கொம்புதான். ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள், மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே உள்ளே வந்துவிடுமாம். அதைப் படித்த அன்றே, இதை வேலூரிலும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கொம்பும் அதன் கழுத்தும்

நேதாஜி மார்க்கெட் பக்கம் உள்ள ஒரு தகரப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்து வாங்கினோம். வாய் 75க்கு 55 செ.மீ. அது குறுகிக்கொண்டே வந்து ஒரு தகரப் பெட்டியில் முடியும். அந்தப் பெட்டிதான் அலைக்குழாய், உள்ளளவு பதினாறரைக்கு எட்டேகால் செ.மீ., பின்பக்கம் மூடியிருக்கும். அதற்குள் ஒரு சிறு பித்தளைக் கம்பி நிற்கும். வானத்து அலை மின்சாரமாக மாறுவது அந்தக் கம்பியில்தான்.

இங்கே ஒரு பாடம் கிடைத்தது. கம்பியைப் பின்சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். 21இல் கால் பங்கு என்றால் ஐந்தேகால் செ.மீ. என்று பிள்ளைகள் துளை போடக் குறித்துவிட்டார்கள். நல்லவேளை, போடவில்லை. குழாய்க்குள் அலை வெளியில் இருப்பதுபோல் இருக்காது, நீண்டுவிடும். எங்கள் அளவுக் குழாயில் 21 செ.மீ. அலை 27 செ.மீ. ஆகிவிடுகிறது. அதனால் துளை கிட்டத்தட்ட 7 செ.மீ. தள்ளி வர வேண்டும். பட்டறைக்காரர் கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்போ குழாய் அகலம் மாறினா இதுவும் மாறுமா சார்?" என்றார். மாறும் என்றேன். எங்களில் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

கம்பிக்கு அடுத்ததாக ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஃபில்டர். அப்புறம் கேபிள், கேபிளின் முனையில் லேப்டாப்பில் செருகும் டாங்கிள். முதலில் டிவி பார்ப்பதற்கென்று செய்த டாங்கிள் வகை இது. ஒரு நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத் துண்டைப் பிடித்து எண்களாக்கித் தரும். அந்தத் துண்டில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று பிரித்து வரைவது லேப்டாப்பின் வேலை.

ஆம்ப்ளிஃபயரைக் கம்பியை ஒட்டியே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வானத்திலிருந்து வருவது மிக மிக மெலிந்த சத்தம். ரேடியோ வானியலில் சத்தத்தை வெப்பநிலையாகச் சொல்வார்கள், ஏனென்றால் சூடான எந்தப் பொருளும் ரேடியோ அலையாகக் கொஞ்சம் இரைந்துகொண்டே இருக்கும். நம் மொட்டைமாடித் தரை சுமார் 300 கெல்வின். தலைக்கு மேலே வெறும் வானம் இந்த அலையில் 10 கெல்வினுக்குள்தான். எங்கள் கருவியின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று பார்க்கக் கொம்பைத் தரைக்குக் கவிழ்த்து ஒருமுறை, வானத்துக்கு நிமிர்த்தி ஒருமுறை அளந்தோம். தரை இரண்டரை மடங்கு அதிகம் காட்டியது. கணக்குப் போட்டால் கருவியின் இரைச்சல் ஏறத்தாழ 190 கெல்வின். அதாவது நாம் கேட்க வந்த சத்தத்தைவிட நம் காதுக்குள்ளேயே அதிகச் சத்தம். பெரிய தொலைநோக்கிகளில் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கடுங்குளிரில் வைத்து இதைக் குறைப்பார்கள். நாங்கள் செய்ய முடிந்தது, வேலூர் வெயில் படாமல் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தது மட்டும்தான்.

அப்படியிருந்தும் எப்படிக் கேட்கும்? பொறுமையாக. இரைச்சல் ஏறும், இறங்கும், சராசரி எடுத்தால் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மட்டமாகும். நூறு மடங்கு நேரம் கேட்டால் அந்த ஆட்டம் பத்தில் ஒன்றாகும். 10 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டைப் பத்து நிமிடம் சராசரி எடுத்தால், 200 கெல்வின் இரைச்சலின் ஆட்டம் ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஹைட்ரஜன் கோடு, அதாவது அந்த 1420 மெகாஹெர்ட்ஸ் அலை, எங்கள் கொம்பில் பத்து கெல்வினுக்கு மேலேயே வர வேண்டும். ஆக, கிடைக்கக்கூடிய ஒன்றைத்தான் தேடினோம்.

மேடு நகரவில்லை

கொம்பை நேர் உச்சிக்குக் குறிவைத்து அசையாமல் விட்டோம். நாம் திருப்ப வேண்டாம், பூமி திருப்பும். வேலூரின் உச்சிவானத்தைப் பால்வீதி ஒரு நாளில் இரண்டு முறை கடக்கிறது. ஒன்று, மிதுனமும் ஓரியனும் சேரும் எல்லைப் பக்கம். மற்றது, கழுகு மண்டலத்துப் பக்கம். ஜனவரி 20ஆம் தேதி வாக்கில் முதலாவது இரவு பத்தே முக்காலை ஒட்டி உச்சிக்கு வரும்.

ஆனால் எங்கள் மேடோ ஆறரைக்கே ஆரம்பித்தது. நான் அன்றே யோசித்திருக்க வேண்டும். கொம்பின் பார்வை அகலம் இருபது பாகை ஆயிற்றே, பால்வீதியும் அகலமானதாயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளின் சந்தோஷமும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த இருபது பாகை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலைநீளத்தை வாயின் அகலத்தால் வகுத்தால் பார்வையின் கூர்மை கிடைக்கும். அலை நீளமாக நீளமாகத் தொலைநோக்கி பெரிதாக வேண்டும். 21 செ.மீ. அலையில் மனிதக் கண் அளவுக்குக் கூர்மை வேண்டுமென்றாலே ஏறத்தாழ 900 மீட்டர் தட்டு கட்ட வேண்டும். அதனால்தான் புனே அருகே நாராயண்காவ் பக்கம் உள்ள ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் தட்டுகள் முப்பதை 25 கிலோமீட்டர் வீச்சுக்குப் பரப்பி, எல்லாம் சேர்ந்து ஒரே கண்ணாக வேலை செய்யும்படி இணைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டுகள் கம்பி வலைதான். ஓட்டை அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் போதும், அலைக்கு அது சுவர்தான்.

சரி, மேட்டுக்கு வருவோம். சந்தேகம் வந்தது ஐந்தாம் நாள். அன்றும் ஆறரை. ஆறாம் நாளும் ஆறரை. விண்மீன்கள் அப்படி வராது. பூமி தன் அச்சில் ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி. சூரியனைச் சுற்றி நாமும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் சூரியன் மறுபடி அதே இடத்துக்கு வர 24 மணி ஆகிறது. கடிகாரம் சூரியனுக்கு. விண்மீன்கள் தினமும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னால் வரும். பதினைந்து நாளில் ஒரு மணி நேரம்.

இந்த நான்கு நிமிடத்தில்தான் ரேடியோ வானியலே பிறந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞருக்குக் கொடுத்த வேலை, கடல் கடந்த தொலைபேசியில் வரும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. 20.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெரிய ஆன்டெனா செய்து, ஃபோர்டு காரின் சக்கரங்களில் ஏற்றிச் சுழலவிட்டார். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் பிரித்தபின் மெல்லிய 'உஸ்' மட்டும் மிச்சம் இருந்தது. முதலில் சூரியன் என்று நினைத்தார். மாதக்கணக்கில் பதிவு செய்தபோது அது சூரியனை விட்டு விலகிக்கொண்டே போனது. தினமும் நான்கு நிமிடம். அப்படியானால் அது விண்மீன்களோடு சேர்ந்தது. திசை தனுசு மண்டலம், பால்வீதியின் நடுப்பக்கம். 1933இல் வெளியிட்டார். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் தன் வரைதாளில் ஒரு சின்னக் கிறுக்கலைப் பார்த்து விடாமல் பின்தொடர்ந்ததும் இதனால்தான். அது விண்மீன் நேரத்தை அனுசரித்து வந்தது. அந்தக் கிறுக்கல்தான் 1.337 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் முதல் பல்சர், சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்.

நாங்கள் பதினைந்து நாள் பதிவை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். மேடு ஒரு நிமிடம்கூட முன்னே வரவில்லை. கடிகாரம் பார்த்து வருகிற எதுவும் வானத்துப் பொருள் இல்லை, சூரியன் ஒன்றைத் தவிர. சூரியனோ அந்நேரம் மறைந்துவிடும். ஆகவே இது மனிதர்களின் பொருள்.

எங்கே என்று தேடினோம்

ஒரு வாரம் நான் தவறான இடத்தில் தேடினேன். செல்போன் டவர் என்று முடிவு கட்டிவிட்டேன். எந்த ஊரிலும் ரேடியோ சத்தம் என்றால் முதலில் அதைத்தான் சொல்வோம். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இன்னொரு ஃபில்டரைப் போட்டு 900, 1800 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தை வெட்டினோம். மேடு அப்படியே இருந்தது. அடுத்தது தெருவிளக்கு. எல்இடி விளக்குகளின் மின்சுற்று இரையும் என்பது உண்மைதான், ஆறரைக்கு எரிவதும் பொருந்தியது. ஆனால் தெருவிளக்கு விடிய விடிய எரிகிறது, மேடு பத்தரைக்கே போய்விடுகிறது.

வழியைக் காட்டியது ஒரு கரண்ட் கட். வெள்ளிக்கிழமை ஏழு மணி சுமாருக்குத் தெருவே இருண்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, கொம்பின் ஆம்ப்ளிஃபயருக்கும் அதிலிருந்தே மின்சாரம். மேடு அந்த நொடியே விழுந்தது. பத்து நிமிடம் கழித்து கரண்ட் வந்தது, விளக்குகள் எல்லாம் உடனே எரிந்தன. மேடு வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனபிறகுதான் ஏறியது. கரண்ட் வந்தும் தன்னைத் தயார் செய்துகொள்ள நேரம் எடுக்கிற பொருள் எது? அதைத்தான் அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

விடை சொன்னவள் அந்த வீட்டு மாணவி. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், மேடு ஒரே மட்டமா இல்ல சார். படி படியா இருக்கு. ஏழரைக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எதிர்வீட்டுப் பாட்டி நாடகம் பாக்குற நேரம் சார் இது" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையில் எல்லாமே பொருந்திவிட்டது. டிடிஎச் தட்டு செயற்கைக்கோளிலிருந்து வாங்குவது 11, 12 ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அலை. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் சாதாரணக் கேபிளில் சில மீட்டருக்குள் செத்துவிடும். அதனால் தட்டின் முன்னால் கை நீட்டிக்கொண்டிருக்கிறதே, எல்என்பி, அது அலையைப் பெருக்கி, இன்னோர் அலையோடு கலந்து, அதிர்வெண்ணை 950இலிருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. 1420 அதன் நடுவில் விழுகிறது! எல்என்பிக்கு மின்சாரம் போவதும் அதே கேபிளில்தான், செட்டாப் பாக்ஸிலிருந்து. பெட்டியை நிறுத்தினால் எல்என்பியும் நின்றுவிடும். பெட்டி தன்னைத் தயார் செய்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும். சேனல் மாற்றினால் பெட்டி எல்என்பிக்கு அனுப்பும் மின்னழுத்தம் மாறும், அதைப் பார்த்து எல்என்பி வேறு வகை அலைகளை அனுப்பும், கேபிளுக்குள் ஓடும் கூட்டமே மாறிவிடும். அதுதான் படிகள்.

நான் கரும்பலகையில் வைத்த அந்தப் புள்ளி இதுதான். குவியத்தில் ஒரு கொம்பு, அதை ஒட்டி ஆம்ப்ளிஃபயர், பிறகு அதிர்வெண்ணை இறக்கும் கலவைச் சுற்று. ஜிஎம்ஆர்டியிலும் இதே முறைதான், நம் தெருவின் ஒவ்வொரு மாடியிலும் இதே முறைதான். ஒரு வீடு விடாமல் ஒரு சின்ன ரேடியோ தொலைநோக்கி வானத்தைப் பார்த்து நிற்கிறது. பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக அதைக் கை நீட்டிக் காட்டியிருக்கலாம்.

ஊகம் போதாது, உறுதி செய்ய வேண்டும். எதிர்வீட்டுக்குப் போனோம். பாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், என் டிவி இன்னா பண்ணுச்சு உங்க மிஷினை?"

"பாட்டி, நாங்க போன்ல சொல்றப்போ பெட்டியை நிறுத்தணும், அப்புறம் சொல்றப்போ போடணும். அஞ்சு தடவை" என்றாள் மாணவி.

"நாடகம் முடியட்டும் கண்ணு."

முடியும்வரை காத்திருந்தோம். பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தம், இரண்டு நிமிடம் ஓட்டம், ஐந்து முறை. திரையில் ஐந்து பல் வைத்த சீப்பு வந்தது. ரேடியோ வானியலாளர்கள் தொலைநோக்கியை ஒரு பொருளின் மேல் வைத்துக் கொஞ்சம், விலக்கி வெற்று வானத்தில் வைத்துக் கொஞ்சம் என்று மாறி மாறி அளப்பது இதே காரணத்துக்காகத்தான். கருவி தானாக மாறியதா, பொருள் மாற்றியதா என்று பிரிக்க அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, டாங்கிளோடு ஐந்து செ.மீ. கம்பி ஒன்றை இணைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பாட்டி வீட்டு மாடியில் நடந்தார்கள். ஒருத்தன் கையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம். கம்பிக்கு ஒவ்வொரு பக்கமாகத் தாம்பாளத்தை மறைத்துப் பிடிப்பான், எந்தப் பக்கம் மறைத்தால் சத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம் போவார்கள். கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார்கள். குரங்கு இழுத்து அறுத்த கேபிளை யாரோ உள்கம்பியை மட்டும் முறுக்கி டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். வெளிப்பின்னல் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. கேபிளின் வெளிப்பின்னல் வாய்க்கால் கரை மாதிரி, அது உடைந்தால் உள்ளே ஓடுவது தெருவுக்கு வந்துவிடும்.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகில் எவரும் ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. ஹைட்ரஜனுக்காக ஒதுக்கி வைத்த அமைதி அது. பாட்டி எதையும் ஒலிபரப்பவில்லை, கேபிளும் விதியை மீறும் கருவி இல்லை. ஓர் இணைப்பு சரியில்லை, அவ்வளவுதான். பெரிய இடங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 64 மீட்டர் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது வந்த விசித்திர வெடிப்புகளுக்கு 2015இல்தான் காரணம் தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பை நேரம் முடிவதற்குள் யாரோ திறந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்ததால்தான், அதே மாதிரி தோன்றும், வானத்திலிருந்தே வரும் உண்மையான அதிவேக ரேடியோ வெடிப்புகள் வேறு என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. சத்தத்தை ஒதுக்குவது வானியலுக்கு முந்திய வேலை என்று நினைத்திருந்தேன். வேலையில் பாதி அதுதான்.

சரியான கனெக்டர் இரண்டு வாங்கி மாட்டிக் கொடுத்தோம். அன்று மாலை ஆறரைக்கு நான்கு பிள்ளைகளும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆறரை வந்தது, போனது. கோடு மட்டமாகவே இருந்தது. மறுநாள் பாட்டி மாடியிலிருந்து கூப்பிட்டு, படம் கட்டம் கட்டமாக உடைவது நின்றுவிட்டது என்றார்.

கோடு

இன்னொரு தவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. நாங்கள் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது 2.4 மெகாஹெர்ட்ஸ் துண்டு முழுவதின் மொத்தச் சக்தியை. ஹைட்ரஜன் அதில் ஒரு சிறு பகுதியில்தான் வருகிறது, மொத்தத்தில் ஓரிரு சதவீதம்கூட ஏறாது. கேபிள் கசிவோ துண்டு முழுவதையும் தூக்கியது. மேடாகத் தெரிந்ததே அது வானம் இல்லை என்பதற்கு அடையாளம். பிரித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும்.

பிப்ரவரி இரண்டாம் வாரம். பால்வீதி உச்சியில் இல்லாத பின்னிரவில் ஒரு பதிவு எடுத்து, அதை அடிமட்டமாக வைத்து மற்றப் பதிவுகளை வகுத்தோம். ஃபில்டரின் வளைவு எல்லாம் கழிந்து நேர்கோடு மிஞ்சியது. இரவு ஒன்பதே காலை ஒட்டிய பதிவில் மட்டும் நேர்கோட்டில் ஒரு முளை. குறுகலான, தெளிவான ஒற்றை முளை. யாரும் கைதட்டவில்லை. ஒருத்தன் மெதுவாக, "சார், இது தப்பான இடத்துல இருக்கு" என்றான்.

உண்மைதான். 1420.4இல் வர வேண்டியது 1420.2இல் இருந்தது. இந்தச் சந்தேகம் அவனுக்கு வந்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம், மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருக்காது. விலகிப் போகும் பொருளின் அலை நீண்டு அதிர்வெண் குறையும். 0.2 மெகாஹெர்ட்ஸ் குறைவு என்றால் மூலம் நம்மைவிட்டு நொடிக்கு 40 கிலோமீட்டர் போல விலகுகிறது. கணக்கைப் பிரித்தோம். பிப்ரவரியில் பூமி தன் பாதையில் அந்தத் திசையிலிருந்து விலகும் பக்கம் போகிறது, அதில் 20 கிலோமீட்டர். சூரியன் நம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து விண்மீன்களுக்கு நடுவே நகர்வதில் ஏறத்தாழ 15. மிச்சம் சிறிது, வாயுவின் சொந்த ஓட்டம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை அவன் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தான். இப்போது தகரக் கொம்பு வைத்து அளந்துவிட்டான்.

மறுநாள் காலை பத்தே காலுக்கு, சுள்ளென்ற வெயிலில், பால்வீதியின் மறுபக்கம் உச்சியைக் கடந்தது. அது கழுகு மண்டலத்துப் பக்கம். முளை அங்கே ஒற்றையாக இல்லை, அரை மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்து இரண்டு மூன்று குன்றாக நின்றது. இரவில் பார்த்த திசை பால்வீதியின் வெளிப்பக்கம், அங்கே வாயு நம் பார்வைக்குக் குறுக்காக ஓடுகிறது, அதனால் வேக வித்தியாசம் தெரிவதில்லை. காலையில் பார்த்தது உட்பக்கம். ஒரே பார்வையில் பல சுருள்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகம். 1950களில் லெய்டனிலும் சிட்னியிலும் இந்தக் குன்றுகளை அளந்துதான் பால்வீதியின் சுருள் வடிவத்தை வரைந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறைத்துவிடும், 21 செ.மீ. அலை தூசியைத் தாண்டி வந்துவிடும். மற்ற விண்மீன் மண்டலங்களின் விளிம்பில் இருக்கும் வாயு, எதிர்பார்த்த அளவுக்கு வேகம் குறையாமல் சுற்றுகிறது என்பதையும் இதே கோடு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது ஒரு பெரிய தூண்.

இரண்டு வாரம் விடாமல் பதிவு செய்தோம். ஒன்பதே காலை ஒட்டி வந்த முளை எட்டு இருபதை ஒட்டி வந்தது. காலையில் வந்தது ஒன்பதரைக்கு முன்னால் வந்தது. தினமும் நான்கு நிமிடம், தவறாமல். அந்தத் தாளைப் பள்ளி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பக்கத்திலேயே பாட்டி வீட்டு மேட்டின் தாளும் இருக்கிறது. ஒன்றில் சாய்ந்த கோடு, மற்றதில் செங்குத்துக் கோடு.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இப்போது சொன்னால் கண் விரிகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடித்தது. மலைச்சரிவின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கும் இடத்தைத் தேடிக் கட்டினார்கள். அப்படிக் கட்டியதால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே ஒரு பக்கமாக உருட்டினாலே ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். "அப்போ ஜவ்வாது மலையில பன்னிரண்டரை பாகை சரிவு இருக்குமா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். வரைபடத்தை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

கொம்பு இன்னும் அதே மாடியில் இருக்கிறது. மழைக்குப் பாலிதீன் கட்டியிருக்கிறோம், அலை அதைத் தாண்டி வரும். ஆடி மாதக் கடைசியில் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். வெளிப்பக்கத்து அந்த ஒற்றை முளை அப்போது காலை ஒன்பது மணியை ஒட்டி உச்சிக்கு வரும், பூமி இந்த முறை அதை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதால் 0.2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே ஏறி, 1420.4 பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகள் சுவர்த்தாளில் அந்த இடத்தைப் பென்சிலால் இப்போதே குறித்து வைத்திருக்கிறார்கள்.